கர்னல் பெம்பர்ட்டனின் பதினோராம் நம்பர்

முடி வெட்டும் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு லூஷியஸ் பெம்பர்ட்டன் உள்ளே வந்தால் போதும், முகமெல்லாம் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்து கிடப்பவன்கூட நிமிர்ந்து உட்கார்ந்து கழுதை மாதிரி கத்துவான். கேன்சஸ் சிட்டியில் கறுப்பர்கள் நடமாடும் தெருக்கள் எல்லாவற்றிலும் அவருக்கு இதே மரியாதைதான். பதிலுக்கு அவரும் கத்த வேண்டும். கத்தாவிட்டால் கர்னலுக்குத் தலைக்கனம் என்று ஊர் பேசும். அறுபத்திரண்டு வயதில், நுரையீரல் பாதி கெட்டுப்போன மனிதர், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு சேர்த்து, ஒரு கத்து கத்திவிட்டுத்தான் உள்ளே நுழைவார். பிறகு இரண்டு நிமிடம் இருமுவார். அதற்கும் சிரிப்பார்கள்.

கர்னல் என்றதும் பட்டாளத்துக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். ட்யூக், கவுண்ட் என்று பாண்டுக்காரர்கள் ஆளுக்கொரு பட்டம் சூட்டிக்கொண்ட காலத்தில் மிச்சம் கிடந்த பட்டம் அது. பதினைந்து பேர் பின்னால் உட்கார்ந்து ஊத, வெள்ளைக் கோட்டும் நீளக் குச்சியுமாக முன்னால் நின்று ஆடிப் பாடிச் சிரிக்கவைத்தவர் அவர். மிசௌரி முதல் டெக்சஸ் வரை அந்த ஸ்விங் பாண்டுக்கு ஆடாத கால் இல்லை. ஆனால் 1936இல் சிகாகோவில் போய்ப் பதிந்த ஒரே ஒரு ரெக்கார்டு, 'எங்க ஊர் கோவேறு கழுதை' என்ற வேடிக்கைப் பாட்டு. அதில் நான்கு இடத்தில் கர்னல் கழுதையாகக் கத்துவார். கூட்டம் திருப்பிக் கத்தும். அந்தக் கத்தல்தான் இருபத்து மூன்று வருஷம் கழித்தும் அவரைத் தெருத் தெருவாகத் துரத்திக்கொண்டிருந்தது.

அன்றைக்குக் கத்தாமல் உட்கார்ந்திருந்தவன் எல்ஸ்வர்த் டிப்ஸ் ஒருவன்தான். பாண்டில் இரண்டாவது டிராம்போன் வாசித்தவன். அதைவிட, பாண்டின் மேஸ்திரி. கர்னல் முன்னால் நின்று பல்லைக் காட்டுவார். யார் எந்தச் சுரத்தை எப்போது ஊத வேண்டும், யார் குடித்துவிட்டு வந்திருக்கிறான், யார் அரைச் சுரம் இறங்கி ஊதுகிறான் என்று பார்த்துச் சரிசெய்வது டிப்ஸின் வேலை. இப்போது தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிறான். முகத்துக்கு நேரே பேப்பரை விரித்து வைத்திருந்தான்.

"பேப்பர கீழ வை மேஸ்திரி. படிக்கிற மாதிரி நடிக்காத. அது போன வாரத்துப் பேப்பரு" என்றார் கர்னல், பக்கத்தில் உட்கார்ந்தபடி.

"தெரியும் கர்னல். அதுலயாச்சும் நம்ம பேரு எங்கயாவது இருக்கான்னு மறுபடி பாக்கறேன்."

"ஞாயித்துக்கிழம வரும். கிழக்கேருந்து ஒரு வெள்ளக்காரன் லெட்டர் போட்டிருக்கான். ஸ்டர்ஜஸ்னு பேரு. பழைய ரெக்கார்டா சேத்து வெக்கிறவனாம். டேப்பு மெசினோட வரான். உயிரோட இருக்கறவங்கள புடிச்சு வெக்கணுமாம்."

"உன்னைப் புடிக்கிறதுன்னா சீக்கிரம் வரச் சொல்லு. நீ இருமுறத பாத்தா ஞாயித்துக்கிழம தாங்குவியான்னு இருக்கு."

கர்னல் சிரிக்கவில்லை. டிப்ஸின் முழங்காலில் கை வைத்தார்.

"கழுத வேணாம்யா. பதினோராம் நம்பர வாசிச்சுக் குடுத்துருவோம். அது ஒண்ணு பதிஞ்சிட்டா போதும், நான் எப்ப வேணா போறேன். ஆளுங்கள நீ கூட்டு."

டிப்ஸ் பேப்பரை மடித்தான். மடித்ததையே மறுபடி மடித்தான். பதின்மூன்று வருஷமாக அந்தப் பெயரை இருவரும் வாயால் சொன்னதில்லை.

பதினோராம் நம்பருக்கு அதற்கு மேல் பெயர் கிடையாது. கர்னலின் பாண்டில் பாட்டுகளுக்கு நம்பர்தான். ஏனென்றால் அந்தப் பாண்டில் காகிதம் என்பதே இல்லை. ஒருவன் நாலு சுரத்தை ஊதுவான், பக்கத்தில் இருப்பவன் அதற்குக் கீழே பொருத்துவான், மூன்றாமவன் இடுக்கில் நுழைவான். நடன மண்டபத்தில் ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். எல்லாம் மண்டைக்குள். காகிதம் வைத்துக்கொண்டு வாசிப்பவனைப் பார்த்தால் இந்த ஊரில், பாவம், மறதி வியாதி என்பார்கள்.

கர்னலுக்கு அது வெறும் வீறாப்பும் இல்லை. 1935இல் பாண்டுக்கு ஆறாம் நம்பர் என்று ஒரு பாட்டு இருந்தது. ஒருவன் அதைக் காகிதத்தில் எழுதி வைத்தான். அந்தக் காகிதம் ஒரு சனிக்கிழமை காணாமல் போனது. ஆறு வாரத்தில் ஒரு வெள்ளைக்கார பாண்டு ஆறாம் நம்பரை ரேடியோவில் வாசித்தது, புதுப் பெயரோடு, தங்கள் சொந்தச் சரக்காக. நாடே ஆடியது. அதே பாட்டை கர்னல் அடுத்த மாதம் வாசித்தபோது, ரேடியோவில் கேட்டுத் திருடிவிட்டார் என்று ஒமாஹாவில் ஒருவன் கத்தினான். வயிறு எரியாமல் என்ன செய்யும்? அன்றிலிருந்து காகிதம் கூடாது. நல்ல பாட்டு ரெக்கார்டுக்கும் போகக் கூடாது. கழுதையை மட்டும் ஏன் பதிந்தீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, "கழுதைய எவன்டா திருடுவான்?" என்றார்.

சூடு கண்ட பூனை சரிதான். ஆனால் இந்தப் பூனை கடைசிவரை பாலையே தொடவில்லை.

பதினோராம் நம்பர் 1939இல் ஆரம்பித்து இரண்டு வருஷத்தில் முழு ஆளாக வளர்ந்தது. பியானோவில் எட்டு அடி தனியாக நடக்கும். சாக்ஸஃபோன்காரர்கள் நால்வரும் முணுமுணுப்பாக நுழைவார்கள். நான்காவது சுற்றில் டிரம்பெட், டிராம்போன் என்று பித்தளை வாத்தியங்கள் எல்லாம் எழுந்து நிற்கும்போது மண்டபத்தின் மரத்தளம் கீழே அமுங்கி மேலே வரும். மிகையில்லை, பலகைக்கு அடியில் இரண்டு முறை முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். டிப்ஸுக்கு அந்தப் பாட்டின் மேல் பெண்டாட்டி மேல் இருந்ததைவிட ஆசை. அதனால்தான் அந்தத் தப்பைச் செய்தான். பஸ்ஸில் மற்றவர்கள் தூங்கும்போது, பதினைந்து வரி போட்ட தாளில், பதினைந்து பேரின் பங்கையும் எழுதினான். நான்கு மாதம் பிடித்தது. டிராம்போன் பெட்டியின் வெல்வெட் துணிக்கு அடியில் வைத்திருந்தான்.

1941இல் ஓக்லஹோமாவில் ஒரு விடிகாலை, பஸ் டயர் மாற்ற நின்றபோது கர்னல் அதைக் கண்டுபிடித்தார். திட்டவில்லை. எல்லோரையும் இறங்கச் சொன்னார். ரோட்டோரப் புல்லில் தாள்களை அடுக்கி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, பாதிரியார் மாதிரி சாவுப் பிரசங்கம் செய்தார். "காகிதத்திலிருந்து வந்தாய், காற்றுக்கே திரும்பிப் போகிறாய்" என்று முடித்து லைட்டரைப் பற்றவைத்தார். கடைசியில் ஒரு கழுதைக் கத்தல். மற்ற பதினான்கு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டிப்ஸும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் அவனால் பிற்பாடு மறக்க முடியாமல் போனது.

அடுத்த வருஷம் கர்னலுக்கே மனசு இளகியது. சரி, பதினோராம் நம்பரைப் பதிந்துவிடுவோம் என்றார். சிகாகோவுக்கு ஆகஸ்டு மாதம் நாள் குறித்தார்கள். அந்த ஆகஸ்டு முதல் தேதி வாத்தியக்காரர் சங்கம் தடை போட்டது, நாட்டில் எந்த வாத்தியக்காரனும் ரெக்கார்டு கம்பெனிக்கு வாசிக்கக் கூடாது என்று. பட்ட காலிலே படும் என்பது இதுதான். தடை நீங்குவதற்குள் பாதிப் பேர் யுத்தத்துக்குப் போய்விட்டார்கள். முதல் ஆல்டோ சாக்ஸ் ஊதிய பாஸ்கம் இத்தாலியிலேயே தங்கிவிட்டான், மண்ணுக்கு அடியில். 1946இல் பாண்டு கலைந்தது.

ஆனாலும் டிப்ஸ் ஆளைக் கூட்டினான். ஏன் என்று அவனையே கேட்டால் தெரியாது. கர்னலையும் சேர்த்துப் பதினாறு பேரில் ஊரில் உயிரோடு இருந்தது ஐந்து பேர். கர்னல், டிப்ஸ், சவ ஊர்தி ஓட்டும் ஓடெல் கிரென்ஷா, அவன் இரண்டாவது ஆல்டோ. நான்காவது டிரம்பெட் அல்ஃபியஸ், இப்போது பொய்ப்பல். பிறகு பியானோ ஜெனீவா ஸ்டோக்ஸ், ஞாயிறுதோறும் பாப்டிஸ்ட் கோயிலில் ஆர்கன் வாசிப்பவள். கோயில் முடிந்து ஒரு மணிக்கு சங்கக் கட்டடத்தின் மாடியில் கூடினார்கள். வெள்ளைக்காரர் மூன்று மணிக்கு வருவதாக ஏற்பாடு. டிப்ஸின் மனைவி வெர்டெல் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் இரண்டு கட்டிக் கொடுத்திருந்தாள்.

"மொதல்ல வாசிப்போம், அப்புறம் தின்போம்" என்றாள் ஜெனீவா. "அல்ஃபியஸுக்குப் பல்லுல மாட்டிக்கிட்டா டிரம்பெட்டுக்குள்ளதான் தேடணும்."

"என் பல்லப் பத்திப் பேசாத சிஸ்டர். ஒன் தலமுடியப் பத்தி நான் பேசல."

கர்னல் வெள்ளைக் கோட்டு போட்டு வந்திருந்தார். தோளில் தொங்கியது. குச்சியைத் தூக்கி, பழக்கப்படி அவர்களுக்கு முதுகைக் காட்டி, காலியாகக் கிடந்த மடக்கு நாற்காலிகளைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். "ஒன்று, இரண்டு" என்று காலால் தட்டினார்.

ஜெனீவாவின் எட்டு அடி வந்தது. அப்படியே வந்தது, ஒரு சுரம் பிசகவில்லை. டிப்ஸ் டிராம்போனை உதட்டுக்குக் கொண்டுபோனான். இருக்கிறது, போகவில்லை, இருக்கிறது என்று மனசு அடித்துக்கொண்டது. எட்டாவது அடி முடிந்து மூவரும் ஊதினார்கள்.

வந்தது பாட்டு இல்லை. ஓடெல் மூன்று சுரத்துக்குள் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தான். அல்ஃபியஸ் நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. டிப்ஸ் ஒரே சுரத்தில் நாலு அடி நின்று, அரைச் சுரம் இறங்கி, திரும்ப ஏறினான். மூவரும் சரியாகத்தான் வாசித்தார்கள். அவரவர் பங்கு அதுதான். மூன்றுமே உள்ளே நிற்கிற பங்கு. மேலே பாட்டைச் சுமந்தவன் இத்தாலியில் கிடந்தான். கீழே தாங்கியவன் டெட்ராயிட்டில் காரில் அடிபட்டான். சோறும் இல்லாமல் கறியும் இல்லாமல் தட்டில் ஊறுகாய் மட்டும் மூன்று வகை வைத்த மாதிரி இருந்தது.

நான்கு தரம் ஆரம்பித்தார்கள். ஐந்தாம் தரம் ஜெனீவா பாதியில் நிறுத்தினாள்.

"பாஸ்கம் பங்கு என்ன? அத யாராச்சும் ஊதுங்க. அது இல்லாம இது பொணத்துக்குச் சட்ட போட்ட மாதிரி இருக்கு."

"மேலேருந்து எறங்குவான்" என்றான் ஓடெல். "இப்படி." ஊதிக் காட்டினான்.

"அது எட்டாம் நம்பர்" என்றான் அல்ஃபியஸ்.

"எட்டாம் நம்பர் உங்கப்பன் நம்பர். அவன் பக்கத்துல ஒம்பது வருசம் ஒக்காந்தவன் நானு."

"பக்கத்துல ஒக்காந்து என்ன கேட்ட? ஒன் வாத்தியத்தத்தான கேட்ட?"

அது உண்மை. ஒன்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குத் தன் வாத்தியச் சத்தம்தான் காதில் இருந்தது. எல்லோரும் கர்னலைப் பார்த்தார்கள். முன்னால் நின்றவர், முழுசாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"நீ பாடு கர்னல்" என்றாள் ஜெனீவா. "நீ பாடினா நான் விரல்ல புடிச்சிருவேன்."

கர்னல் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, ஆரம்பித்தார். முதல் இரண்டு அடி ஏதோ ஒன்று வந்தது. மூன்றாவது அடியில் அது ஆறாம் நம்பராக மாறியது. திருட்டுப் போன அதே பாட்டு, அதுவும் ரேடியோவில் வந்த விதமாகவே. அவர் கவனிக்கவில்லை. கையை ஆட்டி ரசித்துப் பாடிக்கொண்டே போனார். மற்ற நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். கடைசியில் ஓடெல் தொண்டையைக் கனைத்தான். கர்னல் கண்ணைத் திறந்தார், அவர்கள் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் இருமினார். பிறகு நாற்காலியை இழுத்து டிப்ஸுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். முகத்தில் ஒரு தந்திரச் சிரிப்பு, கடைசிச் சீட்டைக் கையில் வைத்திருப்பவனின் சிரிப்பு.

"சரி. போதும் வெளையாட்டு. எடு மேஸ்திரி."

"எத எடுக்கச் சொல்ற?"

"காகிதத்த. எங்க வெச்சிருக்க? வீட்டுலயா? வெர்டெல்லுக்குப் போன் போடட்டுமா?"

"நீதான எரிச்ச, கர்னல்."

"எரிச்சேன். யாரு இல்லன்னா? அவனுங்க முன்னாடி எரிக்கலன்னா மறுநாளு ஆளுக்கொரு பென்சிலத் தூக்கிருவானுங்க. ஆனா ஒன்ன எனக்குத் தெரியும்யா. அடுத்த ஊரு போயி எறங்குறதுக்குள்ள நீ மறுபடி எழுத ஆரம்பிச்சிருப்ப. அது தெரிஞ்சுதான நான் நிம்மதியா நெருப்பு வெச்சேன். இத்தன வருசம் நான் ஒரு வார்த்த கேட்டேனா? நீ பத்திரமா வெச்சிருப்பன்னு விட்டுட்டேன்."

டிப்ஸ் வாத்தியத்தின் எச்சில் வடிக்கும் வால்வைத் திறந்து மூடினான். அதில் ஒன்றும் இல்லை.

"நான் எழுதல."

"வெளையாடாத."

"எழுதல கர்னல். நீதான எழுதாதன்ன."

"நான் ஆயிரம் சொல்லுவேன். நான் சொன்னத நீ என்னைக்குய்யா கேட்ட? வேகமா வாசின்னா மெதுவா வாசிப்ப. அவன வேலைய விட்டுத் தூக்குன்னா கூடக் கொஞ்சம் வெச்சுக்குவ. பதினாறு வருசத்துல நான் சொன்ன ஒண்ண நீ கேட்டதுண்டா?"

"இத ஒண்ணத்தான் கேட்டேன்."

கர்னல் வாயைத் திறந்தார். ஒரு சத்தமும் வரவில்லை. அந்த மனுஷன் வாய் திறந்து சத்தம் வராமல் அவர்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டிப்ஸ் சொல்லாத ஒன்று இருந்தது. சொல் கேட்டதாகச் சொன்னது பாதிதான் உண்மை. 1944 குளிர்காலத்தில், பாஸ்கம் செத்த தந்தி வந்த வாரம், பதினைந்து வரி போட்ட தாள் வாங்கிக்கொண்டு வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்தான். அன்றைக்கு எல்லாம் மண்டையில் இருந்தது, பதினைந்து பங்கும், மூச்சு விடும் இடம் உட்பட. பென்சிலைச் சீவினான். அப்போது அந்தச் சிரிப்பு காதில் கேட்டது, ரோட்டோரத்துச் சிரிப்பு, அதில் தன் சிரிப்பும். எரித்தவனே எழுதிக்கொள்ளட்டும் என்று பென்சிலைக் கீழே போட்டுவிட்டுப் படுக்கப் போனான். ஒரு ராத்திரிக் கோபம் என்றுதான் நினைத்தான். நாளைக்கு எழுதலாம், அடுத்த மாதம் எழுதலாம், அவரே வந்து கேட்கட்டும், கேட்டால் எழுதலாம். அவர் கேட்கவில்லை. இவன் எழுதவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பி உட்கார்ந்திருந்த பதினைந்து வருஷத்தில், மண்டையில் இருந்தவை ஒவ்வொன்றாக நழுவிப் போய்விட்டன. இப்போது அவனிடம் இருப்பது அவன் பங்கு மட்டும்தான். குற்றம் தன்னுடையதும்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஸ்டர்ஜஸ் வந்துவிட்டார். ஒல்லியான, வேர்த்துக் கொட்டுகிற, நல்ல மனிதர். டேப்பு மெஷினைத் தானே சுமந்து வந்திருந்தார். ஒவ்வொருவரிடமும் கை கொடுத்து, பாண்டில் அவர்கள் உட்கார்ந்த இடம் வரை ஒப்பித்தார்.

"அவசரமே இல்லை, மிஸ்டர் பெம்பர்ட்டன். நீங்க எல்லாரும் சுருதி சேத்துக்கிட்டு இருந்தீங்க, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு கீழயே அரை மணி நேரம் நின்னேன். சேத்தாச்சா?"

ஓடெல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஆச்சு சார்" என்றார் கர்னல்.

"உங்களுக்கு எது இஷ்டமோ அத வாசிங்க. ஆனா, ஒண்ணு கேக்கலாமா? சின்ன வயசுலேருந்து எனக்கு ஆசை. அந்தக் கழுதப் பாட்டு..."

டிப்ஸ் கர்னலைப் பார்க்கவில்லை. கோட்டைச் சரிசெய்யும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குச்சியால் நாற்காலி முதுகில் தட்டும் சத்தம்.

"என்ன கேள்வி சார் இது. கழுதைக்குன்னே பொறந்தவங்க நாங்க. ஜெனீவா, குடும்மா."

ஐந்து பேருக்கும் அது ஒரு எழுத்துப் பிசகாமல் தெரிந்திருந்தது. தெரியாமல் எப்படி இருக்கும், ஊரே இருபத்து மூன்று வருஷமாக நினைவுபடுத்திக்கொண்டிருந்ததே. கர்னல் ஆடினார். கையைக் காதாக வைத்தார், பின்னங்காலால் உதைத்தார். முதல் கத்தலுக்கு மூச்சு போதவில்லை, பாதியில் உடைந்தது. மெஷினை நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார்கள். மூன்றாம் தரத்தில் முழுசாக வந்தது. திறந்த ஜன்னலுக்குக் கீழே கோயிலின் மதியக் கூட்டம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்த பெண்கள், பெரிய தொப்பியும் கையுறையுமாக, தெருவில் நின்று சிரித்துத் திருப்பிக் கத்தினார்கள். ஸ்டர்ஜஸ் கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்த டிப்ஸும் டிராம்போனை இறக்கிவிட்டு, பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, கத்தினான். கர்னல் திரும்பி அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை, ஒன்றுமே இல்லை.

அக்டோபரில் கர்னல் செத்துப்போனார். ஓடெல்தான் வண்டி ஓட்டினான். நான்கு நகரத்துப் பேப்பர்களில் பெயர் வந்தது, நான்கிலும் தலைப்பில் கழுதை இருந்தது. கல்லறையில் மண் தள்ளும்போது பின்வரிசையில் எவனோ மெதுவாகக் கத்த, எல்லோரும் அழுதுகொண்டே சிரித்து, சிரித்துக்கொண்டே கத்தினார்கள். அன்பில் செய்ததுதான். அன்பு எவ்வளவு கொடுமை செய்யும் என்று டிப்ஸுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

பிறகு சாவு வீட்டுச் சாப்பாட்டுக்கு, சங்கக் கட்டடத்துக்கு எதிரே இருந்த சுட்ட விலா எலும்புக் கடைக்குப் போனார்கள். காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸில் ஒரு புதுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, இருபது வயதுப் பையன்கள் கிடாரில் அடித்துக் கூச்சல் போடும் பாட்டு. நடுவில் இரண்டு அடி எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. டிப்ஸ் எலும்பைத் தட்டில் வைத்தான்.

"ஜெனீவா. கேட்டியா? நாலாவது சுத்து. பித்தளையெல்லாம் எழுந்து நிக்குமே."

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அதற்குள் அது போய்விட்டது. எழுந்து போய் அதே பாட்டை மறுபடி போட்டார்கள்.

"அது மாதிரியும் இருக்கு" என்றாள் கடைசியில். "இல்லாத மாதிரியும் இருக்கு. அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான வாசிச்சாங்க டிப்ஸ். அது நம்மளுதுன்னு என்னத்தக் காட்டிச் சொல்லுவ?"

காட்ட என்ன இருக்கிறது? அவன் எலும்பை எடுத்து மறுபடி கடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் பீரோவின் அடித்தட்டைக் கிளறி, 1944இல் வாங்கிய தாளை எடுத்தான். ஓரம் பழுத்திருந்தது. சமையலறை மேஜையில் விரித்து, தலைப்பில் 'பதினோராம் நம்பர்' என்று எழுதினான். இடது ஓரத்தில் வரிக்கு ஒரு பெயர், பாஸ்கம் முதல் டிரம்காரன் வரை. பதினைந்து பெயரும் உடனே வந்தன. பத்தாவது வரி அவனுடையது. அதை எழுத ஆரம்பித்தான். சுலபமாக வந்தது. ஒவ்வோர் அடியையும் வாய்க்குள் ஊதிப் பார்த்துப் பார்த்து எழுதினான். பக்கத்துக்குப் பக்கம் ஒரே ஒரு வரி மட்டும் நடந்து போக, மேலே ஒன்பதும் கீழே ஐந்தும் வெறும் கோடுகளாகக் கிடந்தன. கடைசிப் பக்கம் முடிந்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பி, ஒன்றாம் வரியின் மேல் பென்சில் முனையை வைத்து, பாஸ்கம் எங்கிருந்து இறங்குவான் என்று தெரிந்துகொள்வதற்காக, தன் பங்கைக் கொஞ்சம் உரக்க முனகிக்கொண்டே இருந்தான்.

வெர்டெல் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"என்னய்யா அது, அரை மணி நேரமா ஒரே சுரத்தப் புடிச்சுக்கிட்டுத் தொங்குற? பாட்டப் பாடேன்."